மத்தி டப்பா மூடியும் கண்ணாடி மாளிகையும்

டாக்கொராடி,
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஜோஜோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், உன் அக்கா எஸியும் குழந்தையும் சுகம், 'பொறுமை' என்று பேர் வைத்த நம் காரும் சுகம். அங்கே கனடாவில் நீயும், பனியில் நிற்கும் உன் காரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். காருக்குமா ஜெபம் என்று சிரிப்பாய், முழுதும் படித்துவிட்டுச் சிரி. போன மாதம் போனில் "அப்பா ஏம்மா ஒரு மாதிரி பேசறார், வீட்ல ஏதாவது பிரச்சனையா" என்று கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்றேன். அப்போது அவர் எனக்குப் பின்னால் நின்று என் பானைகளை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார், எப்படிச் சொல்வேன். எனக்குப் போனில் பேச வராது, எழுதினால்தான் வரும் என்பது உனக்கே தெரியும். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதனால் பயப்படாமல் படி.

எல்லாம் நீ அப்பாவுக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசில் ஆரம்பித்தது. துறைமுகச் சாலையில் புதிதாக வந்திருக்கிறதே அந்தக் கார் சர்வீஸ் நிலையம், ஊரே அதைக் கண்ணாடி மாளிகை என்றுதான் சொல்கிறது, அதில் நீ அங்கிருந்தே பணம் கட்டிப் பொறுமைக்கு நாள் குறித்துவிட்டாய். "எத்தனை வருஷம்ப்பா அந்தக் கொக்கொம்பே மெக்கானிக் வாசல் புழுதியில உக்காருவீங்க, ஒரு நாளாவது ஏசியில காலை நீட்டி உக்காருங்க" என்று சொன்னாய். நல்ல மனசோடு செய்தாய், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். நம் ஊரில் ஒரு ஆண்பிள்ளை சர்ச் மாறுவான், கட்சி மாறுவான், மெக்கானிக்கை மாற்ற மாட்டான். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நம் காரில் பென்டில் மாஸ்டர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. காருக்கு நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை காலை கஞ்சி குடித்த கையோடு அப்பா கொக்கொம்பேக்குக் கிளம்பிவிடுவார். அங்கே மாஸ்டர் ஒர்க்‌ஷாப் வாசலில் எந்தக் காலத்திலோ செத்துப்போன பஸ்ஸிலிருந்து பிடுங்கிப் போட்ட நீள சீட்டு ஒன்று இருக்கிறதே, அதில் இடது ஓரம் அவருடையது. புது சாமானை நாமே வாங்கிக் கொடுத்து, அது நம் காருக்குள்தான் போகிறதா என்று கண் கொட்டாமல் பார்ப்பதற்காகத்தான் ஊரில் எல்லோரும் மெக்கானிக் வாசலில் உட்கார ஆரம்பித்தார்கள். நாளாவட்டத்தில் பார்ப்பது போய் உட்காருவது மட்டும் மிஞ்சிவிட்டது. கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தி டாமெ ஆடுவதும், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அக்ரியோடு வாயாடுவதும்தான் உங்கப்பாவுக்கு அந்த வாரத்தின் பலன்.

அதனால் பரிசு வந்ததும் மனுஷன் தவித்துப்போனார். போகாவிட்டால் மகன் மனம் நோகும், போனால் மாஸ்டர் மனம் நோகும். யாருக்கும் தெரியாமல் போய்விட்டு வருவது என்று ஒரு திட்டம் போட்டார். நீ குறித்தது செவ்வாய்க்கிழமை. முந்தைய சனிக்கிழமையே பஸ் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, செவ்வாயன்று எல்மினாவில் சொந்தக்காரர் ஒருவரை அடக்கம் செய்கிறோம், நான் ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவைத்துவிட்டார். செவ்வாயன்று காலையில் கறுப்புத் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, கொக்கொம்பே வழியை விட்டு ஊரைச் சுற்றிக் கண்ணாடி மாளிகைக்குப் போனார். நம் ஊரில் யாரை ஜோஜோ செவ்வாய்க்கிழமை புதைக்கிறார்கள்? சனிக்கிழமை அடக்கம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்றி ஆராதனை, இது கைக்குழந்தைக்கும் தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இரு, ஆம்பளைங்க கிழமையெல்லாம் கவனிக்க மாட்டாங்க" என்றார்.

கவனித்தார்கள். சனிக்கிழமை வரை கூடப் பொறுக்காமல் அவசரமாகப் புதைக்கிறார்கள் என்றால் என்ன பயங்கரச் சாவோ, பாவம் மனுஷன் வெளியில் சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் பஸ் சீட்டு மொத்தமும் கறுப்பும் சிவப்பும் உடுத்தி நம் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்துவிட்டது. முன்னால் அக்ரி, சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் ஷ்னாப்ஸ் சாராய பாட்டிலோடு, பின்னால் பென்டில் மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்ரி தொண்டையைச் செருமி, "காலமானவர் பேரச் சொன்னீங்கன்னா பேரச் சொல்லி அழ வசதியா இருக்கும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "குவமினா மாமா" என்றார் கடைசியில். உடனே மாஸ்டர், "குவமினா மாமா போன வருஷமே செத்துட்டாரே, நான்தானே வேன் ஓட்டினேன்" என்றார். "இது வேற குவமினா" என்றார் அப்பா. "எத்தனை குவமினாய்யா உங்க குடும்பத்துல" என்று அக்ரி கேட்க, எஸி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள், அங்கிருந்து வந்த சத்தத்தை அவர்கள் அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். நல்ல வேளை.

அத்தோடு போயிருந்தால் தப்பித்திருப்போம். வாசலில் விடைபெறும்போது மாஸ்டர் வழக்கம்போல நம் காரின் நெற்றியில் ஒரு தட்டு தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சினார். காருக்குள்ளிருந்து ஸ்ட்ராபெர்ரி வாசனை வந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், தரையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்த காகித விரிப்பு. சாவியில்லாமல் பானட்டைத் திறக்கும் வழி அவருக்குத்தான் தெரியுமே, திறந்தார். என்ஜின் குளித்து முழுகிப் பளபளவென்று இருந்தது. வெளியூர் போய்த் திரும்பியவன் தன் பெண்டாட்டி காதில் வேறு எவனோ வாங்கிக் கொடுத்த தோட்டைப் பார்த்த மாதிரி நின்றார். "என் மத்தி டப்பா மூடி எங்க?" என்றார் மெதுவாக. என்ஜின் சூடு ஒயரில் படாமல் இருக்க மத்தி மீன் டப்பாவின் மூடியை வளைத்து அவர் கையால் செருகி வைத்த தகடு அது, உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணாடி மாளிகைக்காரர்கள் அதைக் குப்பை என்று எறிந்துவிட்டுப் புதுசாக ஏதோ கறுப்பாக மாட்டியிருந்தார்கள். "என் மூடி எங்கண்ணே" என்று மறுபடி கேட்டார். அப்பா, "குவமினா மாமா..." என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. "சாவு விழாத வீட்ல பாட்டில் எதுக்கு" என்று சொல்லி அக்ரி உள்ளே போய் ஷ்னாப்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார், அது நியாயம்தான்.

அடுத்த சனிக்கிழமை பஸ் சீட்டில் பஞ்சாயத்து கூடித் தீர்ப்பு வந்தது. அக்ரிதான் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், கோர்ட்டில் சொல்வது போலச் சொன்னார். பிறர் பொருளில் கை வைத்தால் நம் முன்னோர் என்ன அபராதம் வைத்தார்களோ அதேதான், ஒரு ஆடு, ஒரு பெட்டி சோடா, ஒரு கூடை முட்டை, எல்லோர் முன்னாலும் நின்று மன்னிப்பு. அதுவரை பஸ் சீட்டில் இடமில்லை. "என் காரு, என் மகன் காசு, ஆடு மட்டும் நான் வெட்டணுமா" என்று அப்பா குதித்தார். இது மாஸ்டர் காதுக்குப் போனதும், "ஆடு வேணாம்னா அந்தக் கண்ணாடிக்காரன் மடியில உக்காந்து டாமெ ஆடச் சொல்லு" என்றாராம். இருவரும் விறைத்துக்கொண்டார்கள். அகப்பட்டவள் நான். காலையில் எழுந்தால் பானை அடுக்குவார், மசாலா டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுவார், மிளகு டப்பாவில் உப்பு என்று ஒட்டிவிட்டார், அன்றைய மீன் குழம்பை நாயும் தொடவில்லை. கென்கி மாவுருண்டைக்கு இலை இப்படியா கட்டுவது என்று எனக்கே கற்றுக்கொடுத்தார். சாயங்காலம் தனியாக டாமெ ஆடி, வலது கை ஏமாற்றுகிறது என்று இடது கைக்காகச் சண்டை போட்டார். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சனிக்கிழமை கஞ்சி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டி வாசல் வரை போய், அங்கேயே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். வீட்டில் இருக்கும் மனுஷன் வீட்டில் இல்லாத மாதிரி ஆகிவிட்டார். எப்படியாவது அந்த இடது ஓரத்தை அவருக்குத் திரும்ப வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் ஆம்பளைங்க பஞ்சாயத்தில் போய்ப் பேச எனக்கு வாய் ஏது.

அப்போதுதான் கண்ணாடி மாளிகையிலிருந்து போன் வந்தது, நீ கட்டிய பணத்தில் இலவசமாக ஒரு தடவை பார்த்துத் தருவார்களாம், செவ்வாய் மதியம் வரச் சொன்னார்கள். அப்பா அந்தப் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறார், அதனால் நானே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் ஹால் ஆஸ்பத்திரிப் பிணவறை மாதிரி ஒரே குளிர். மெத்தென்ற நாற்காலி, பால் ஊற்றிய காபி, பிஸ்கட், சுவரில் பெரிய டிவி. டிவியில் இந்தியத் தொடர் ஒன்று, நகை போட்ட பெண்கள் எல்லாம் டப்பிங்கில் நம் ஊர்ப் பாஷையில் சண்டை போடுகிறார்கள். மூலையில் ஒரு ஆள், கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடி, முகத்துக்கு நேராகப் பேப்பர். பேப்பரைப் பிடித்த கட்டைவிரல் நகம் தட்டையாக, கறுப்பாக இருந்தது. அந்த நகம் நம் காரின் கீழிருந்து நீட்டிக்கொண்டு எத்தனை தடவை என்னிடம் தண்ணீர் கேட்டிருக்கிறது! டிவியில் மாமியார் மருமகள் கன்னத்தில் அறைந்தாள், பேப்பருக்குப் பின்னாலிருந்து "அடிப்பாவி" என்று சத்தம் வந்தது. பேப்பர் இறங்கியது. பென்டில் மாஸ்டர்.

உனக்குத் தெரியும் ஜோஜோ, எதிர்பாராமல் யாரையாவது பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்றுதான் பேர், மேடையில் கை கொடுத்தவருக்கு ஒரு நன்றி சொல்ல வரவில்லை. இப்போதும் வணக்கம் சொல்லக்கூட வாய் திறக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க, பொறுமைய எவன் தொட்டான்னு வேவு பாக்கத்தான் வந்தேன்" என்றார். நான் பேசவில்லை. "முதல் நாள் முழுக்க வேவுதான் அண்ணி. ரெண்டாம் நாளும் பாதி வேவு." நான் பேசவில்லை. "எந்த வண்டின்னு கேட்டா உள்ள இருக்குன்னு சொல்லிடறேன், அவங்களும் காபி கொடுத்துடறாங்க. இந்த டிவி தொடரைப் பசங்க முன்னாடி ஒர்க்‌ஷாப்ல வச்சுப் பாக்க முடியுமா, சொல்லுங்க. பஸ் சீட்டுக்கு மட்டும் தெரிஞ்சா நான் ஊரை விட்டே போகணும்." எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல ஆசைதான், வரவில்லை. அவருக்கு வியர்த்தது, அந்தக் குளிரில். "சரி அண்ணி, ஆடு வேணாம்" என்றார். நான் மூச்சை இழுத்தேன். "சரி, சோடாவும் வேணாம். முட்டை மட்டும். முட்டை கூட இல்லன்னா என் மரியாத என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க." அதற்கு மட்டும் தலையாட்டினேன். அதற்குள் டிவியில் விளம்பரம் முடிந்துவிட்டது, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார், உட்கார்ந்தேன். அந்த மருமகளுக்கு யாரோ பாலில் எதையோ கலந்து கொடுக்கிறார்கள், அவள் குடிக்கப் போகிறாள், அந்த இடத்தில் அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள்.

நேற்று சனிக்கிழமை. அப்பாவை ஒரு வழியாகக் கிளப்பி முட்டைக் கூடையோடு அனுப்பினேன். முந்தைய நாள் மத்தி மீன் டப்பா ஒன்று உடைத்துச் சமைத்திருந்தேன், அதன் மூடியைக் கழுவி, நல்ல வெள்ளைத் துணியில் சுற்றி முட்டைக்கு மேலே வைத்தேன். அக்ரி ஆடு எங்கே என்று எழுந்தாராம், மாஸ்டரே குறுக்கே விழுந்து, "பெரிய மனுஷன் தலை குனிஞ்சு வந்திருக்கார், ஆட்டைப் பத்திப் பேசறதுக்கு வெக்கமா இல்ல" என்றாராம். துணியைப் பிரித்து மூடியைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பொறுமைக்குள் தலையை விட்டாராம். தீர்ப்பும் மாறிவிட்டது, குளிக்க மட்டும் கண்ணாடி மாளிகைக்குப் போகலாம், வைத்தியத்துக்குக் கொக்கொம்பே. அப்பா பொழுது சாய்ந்த பிறகு புழுதியும் சிரிப்புமாக வீட்டுக்கு வந்து, "ரெண்டு வார்த்த பேசினேன், எல்லாரும் அடங்கிட்டாங்க, பேசத் தெரியணும் அராபா" என்று எனக்குச் சொன்னார். ஆமாம் என்றேன். என் பானைகள் மறுபடி என் இஷ்டப்படி இருக்கின்றன.

நீயும் அங்கே ஏதோ ஒரு பெரிய கடையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாய் என்று சொன்னாய். காரை யாரிடம் வேண்டுமானாலும் கொடு, ஆனால் அவன் பெயரைக் கேட்டு வை, பிள்ளைகள் எத்தனை என்று கேள், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார். அந்தக் குளிர் தேசத்தில் நீ உட்கார ஒரு சீட்டு வேண்டும் அல்லவா. காதை மூடித் தொப்பி போடு, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, எஸி அனுப்பும் பொடித்த மிளகாயைப் பத்திரப்படுத்து. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் பிரேக்கையும் சேர்த்து.

ஒன்றை மறக்காதே. அடுத்த தடவை பொறுமையின் குளியலுக்கு நாள் குறிக்கும்போது செவ்வாய் மதியமாகவே பார்த்துக் குறி, என் பெயரில். அவள் அந்தப் பாலைக் குடித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், மாஸ்டர் எனக்கு நாற்காலி பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று இன்னும் யோசிக்கவில்லை. சாவு வீடு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா அராபா