மீசைக்கு வந்த கொத்தமல்லி

என்னங்க, பாத்திரத்தின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பருப்பின் மேல் பச்சையாகத் தூவியிருப்பது கடையில் வாங்கியது இல்லை. நம் பால்கனித் தொட்டியில் இன்று காலை நான் கிள்ளிய கொத்தமல்லி.

"இந்த வெயில்ல கொத்தமல்லி முளைச்சா நான் மீசையை எடுத்துடறேன்" என்று உங்கள் தங்கை முன்னால் சொன்னீர்களே, அந்த மீசையைப் பற்றித்தான் இப்போது பேச்சு. ரேசரை இந்தச் சீட்டின் மேலேயே வைத்திருக்கிறேன்.

மத்தியானம் தங்கை வருகிறாள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நழுவிவிடாதீர்கள். அன்றைக்கு உங்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். முதலில் சாப்பாடு போடுங்கள். "என்னண்ணா, இப்படி மணக்குது" என்று அவள் வாயால் வந்த பிறகு தொட்டியைக் காட்டுங்கள்.

பி.கு.: குளித்த ஈரத் துண்டைப் பால்கனிக் கம்பியில் போடாதீர்கள் என்று தினமும் கத்துவேனே, இனி அங்கேயே போடுங்கள். உச்சி வெயிலில் செடி கருகாமல் காப்பாற்றியது அந்தத் துண்டின் நிழல்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் மீசையில் பாதியை வைத்துக்கொள்ளலாம். எந்தப் பாதி என்று நான் வந்து சொல்கிறேன்.