மஞ்சள் கால்

10.3.2006, வெள்ளி. ஈசா டவுன், பஹ்ரைன்.

இன்று பொரித்த எட்டுக் குஞ்சுக்கும் கால் மஞ்சள். சுத்தமான சில்க்கி கோழி இனமென்றால் தோலும் காலும் கறுப்பாக இருக்க வேண்டும். கறிக்கு வாங்கி, அறுக்க மனமில்லாமல் நான் விட்டுவைத்த நாட்டுச் சேவல் எப்போதோ கூண்டுக்குள் புகுந்திருக்கிறது.

"அன்னைக்கே குழம்பு வச்சிருக்கலாம்லப்பா" என்கிறார் டிரைவர் காசியண்ணன்.

என்னை வேலைக்கு எடுத்த அரபு முதலாளி, கபீல், போனில் "சப் காலா?" என்று கேட்டார். எல்லாம் கறுப்புதான் என்று சொல்லிவிட்டேன். காலையில் பார்க்க வருகிறார். இனம் சுத்தமாக வந்தால்தான் லீவு என்று முன்பே சொன்னவர். ஊரில் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம்.

இந்த மைப்பேனாவால்தான் ஒரு குஞ்சின் காலைக் கறுப்பாக்கினேன். கீழே விட்டதும் அது நேராகப் போய்த் தண்ணீர்த் தட்டில் இறங்கி நின்றது.