கேன்டீனில் கண்ணை மூடியபோது

செவ்வாய், இரவு.

"திருநெல்வேலிய விட்டுட்டு ஓசூருக்கு ஏன்க்கா வந்தீங்க?" இன்று கம்பெனி கேன்டீனில், என் உற்பத்தி லைனில் வேலை செய்யும் மஞ்சுளா கேட்டாள். எப்போதும் சொல்லும் 'பிழைப்புக்கு' இன்று வாயில் வரவில்லை.

"நான் மிஷனரி. இயேசுவைப் பத்திச் சொல்ல வந்தேன்" என்றேன்.

மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இனி இந்தப் பெண்கள் என்னோடு சாப்பிட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மஞ்சுளா சிரித்தாள். "தெரியும்க்கா. தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ண மூடி ஜெபம் பண்றீங்களே. நீங்க கண்ணத் தொறக்கற வரைக்கும் நாங்க யாரும் சோத்துல கை வைக்கறதில்ல."

கண்ணை மூடியிருந்த நான் அதை எப்படிப் பார்த்திருப்பேன்? இடைவேளையே அரை மணி நேரம். அதிலும் பசியோடு காத்திருந்திருக்கிறார்கள்.

நான் இன்றுதானே வாய் திறந்தேன், ஆண்டவரே. அதுவரை அவர்களோடு யார் பேசிக்கொண்டிருந்தது?