நூற்றுப் பதினெட்டுப் படிகள்

அக்டோபர் 4, செவ்வாய்

புல்லில் முதல் உறைபனி. இடது முழங்கால் எனக்கு முன்பே விழித்துக்கொண்டது. காலையில் ஐந்து பையன்களையும் இரும்புச் சட்டத்தை முட்டித் தள்ள வைத்தேன். வழக்கம்போல் அதன் மேல் நான் ஏறி நின்றுகொண்டேன்.

"கோச், இறங்குங்க. போன வருஷத்தைவிட நீங்க ரொம்ப கனமாயிட்டீங்க" என்றான் டாவிட்டா. அவனே நூற்று நாற்பது கிலோ. ஐவரின் நடுவில் நிற்பவன்.

"நான் ஏறலைன்னா நீ தூங்கிடுவடா" என்றேன்.

இருபத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. அமெரிக்கக் கால்பந்தில், பந்தோடு ஓடவே ஓடாத ஐந்து பேருக்குப் பயிற்சி. பந்தோடு ஓடுகிறவனை எதிரணி நெருங்காதபடி உடம்பால் மறிப்பது அவர்கள் வேலை. பத்திரிகையில் பேர் வராது. தப்பு செய்தால் மட்டும் வரும். எனக்கும் அதே கதைதான். ஒன்பது கல்லூரி, ஒன்பது வீடு. தலைமைப் பயிற்சியாளரைத் துரத்தும்போது துணைகளையும் சேர்த்தே துரத்துவார்கள். அதனால்தான் என் மனைவி டார்லீன் வீடு மாற்றுகிற அட்டைப்பெட்டிகளை எறிவதே இல்லை. மடித்து, கார் நிறுத்தும் அறையில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறாள். "எப்படியும் வேணுமே" என்பாள்.

அக்டோபர் 8, சனி

தோற்றோம். மூன்று புள்ளியில். என்னால்.

கடைசி நிமிடம். அவர்களுடைய வலது ஓர ஆள் களைத்துவிட்டான், அவன் பக்கமே ஓடலாம் என்று சொன்னேன். "நிச்சயமா?" என்றான் தலைமைப் பயிற்சியாளர் கிப். "நிச்சயம்" என்றேன். அவன் களைக்கவே இல்லை. எங்கள் ஓட்டக்காரனை அடித்த அடியில் பந்து எங்கேயோ போய் விழுந்தது.

எதை வைத்து நிச்சயம் என்றேன்? கோட்டோரம் நின்றால் முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரியும். நான் பார்த்தது அந்த முதுகைத்தான்.

அக்டோபர் 10, திங்கள்

கிப் மாடிகன், நாற்பத்தொரு வயது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்: "ஓரின், அடுத்த ஆட்டத்துலேர்ந்து நீங்க மேல உக்காருங்க."

மேலே என்றால் அரங்கின் உச்சியில் இருக்கும் கண்ணாடி அறை. கையில் பைனாகுலர், காதில் ஹெட்செட். என் பையன்களுக்குப் பக்கத்தில் நான் நிற்காத ஆட்டம் ஒன்றுகூட இதுவரை இல்லை. எவனாவது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தால் யார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்குவது? கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்? போடா, நீயும் உன் மேல் மாடியும்! — எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப்போவதில்லை.

டார்லீனிடம் சொன்னேன். "மேல குளிராதுல்ல? அப்பறம் என்ன?" என்றாள்.

அக்டோபர் 15, சனி

ஜெயித்தோம். கொண்டாட்டம் முடியும்போது நான் லிஃப்டில் இருந்தேன், பத்திரிகைக்காரர்கள் ஆறு பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு. கீழே போய்ச் சேர்ந்தால் மைதானத்தில் வயர் சுருட்டுகிற ஆட்கள்தான் இருந்தார்கள். உடை மாற்றும் அறையில், ஜெயித்தால் எல்லோரும் பாடுகிற கல்லூரிப் பாட்டின் கடைசி வரி மட்டும் கிடைத்தது. அதைப் பாடினேன்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரிகிறது. எல்லாமே தெரிகிறது.

அக்டோபர் 22, சனி

ஜெயித்தோம். லிஃப்ட்.

நவம்பர் 5, சனி

ஜெயித்தோம். லிஃப்ட். அந்த ஆறு பேரின் பெயரும் எனக்கு இப்போது தெரியும்.

நவம்பர் 14, திங்கள்

இந்தச் சனிக்கிழமை கேட்ரன் கல்லூரி. பதினோரு வருடமாக எங்கள் வெல்மர் கல்லூரி அவர்களை ஜெயித்ததில்லை. கல்லூரித் தலைவர் கிப்பைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்: தோற்றால் அடுத்த வருடம் புதிய ஆட்கள். கிப் எங்களிடம் ஒளிக்கவில்லை. நல்லவன்தான். அன்றைக்குத் திட்டி எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் டார்லீன் கார் அறையில் அட்டைப்பெட்டிகளைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பத்தாவது வீட்டுக்கு என்னால ஆகாது ஓரின். சொல்லிட்டேன்."

என்னாலும் ஆகாது. அறுபது வயதில் என்னை எவன் கூப்பிடுவான்?

நவம்பர் 17, வியாழன்

கேட்ரனில் எழுபத்தொன்றாம் எண் சட்டை போட்டவன். மலை மாதிரி இருக்கிறான். ஒன்பது ஆட்டத்தின் வீடியோவையும் பார்த்துவிட்டேன், எந்தப் பக்கம் பாய்வான் என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா ஆட்டத்திலும் அவர்கள் சீக்கிரமே ஜெயித்துவிடுகிறார்கள். பாதியிலேயே அவனை உட்கார வைத்துவிடுகிறார்கள். இவன் களைத்து யாருமே பார்த்ததில்லை.

நவம்பர் 19, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

மூன்றாம் பகுதி முடியும்வரை எழுபத்தொன்று எங்களைத் துவைத்து எடுத்தான். அவனை மறிக்க வேண்டிய கிரப்ஸ் நான்கு தடவை மல்லாந்து விழுந்தான். ஆனால் இந்த வருடத்தில் முதல் தடவையாகக் கேட்ரன் அவனை உட்கார வைக்க முடியாத ஆட்டம் இது. நான்காம் பகுதியில் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்போது பார்த்தேன். களைத்தவன் கையை மாற்றி மாற்றித் தரையில் ஊன்றுகிறான். இடது கை ஊன்றினால் உள்பக்கம் பாய்கிறான். வலது கை என்றால் வெளிப்பக்கம். கீழே நின்றிருந்தால் ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

இருபது வினாடி பாக்கி. நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். கோட்டைத் தொட்டால் ஆறு புள்ளி, அதற்கு மூன்று கஜம். ஒரே ஒரு முயற்சிதான் மிச்சம். கிப் இடைவேளை கேட்டான். அந்தக் கை விஷயத்தை ஹெட்செட்டில் சொன்னேன்.

"நிச்சயமா?" என்றான்.

அதே கேள்வி.

"இல்ல கிப். எட்டு தடவை பார்த்தேன், எட்டும் சரியா இருந்துச்சு. ஒன்பதாவது எனக்குத் தெரியாது."

"இது போதும்" என்றான். ஹெட்செட்டைக் கழற்றி டாவிட்டாவின் காதில் வைத்தான்.

"எழுபத்தொண்ணு கையைப் பாருடா. இடது ஊன்றினா அவன் உள்ள பாய்வான், நாம ஓட வேண்டியது வெளிப்பக்கம்னு கத்து. வலதுன்னா உள்பக்கம்" என்றேன்.

"கத்தாதீங்க கோச், பக்கத்துல நிக்கிற மாதிரியே கேக்குது" என்றான்.

எழுபத்தொன்று குனிந்தான். இடது கை. டாவிட்டா கத்தியது தெரிந்தது. எழுபத்தொன்று உள்ளே பாய்ந்தான், கிரப்ஸ் பக்கவாட்டில் மோதி அவனை அப்படியே உள்பக்கமாகச் சாய்த்தான். பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. பந்தைப் பார்க்கிற பழக்கமே எனக்கு இல்லை; என் கண் எப்போதும் அந்த ஐந்து பேர் மேல்தான். எழுபத்தொன்றின் மேல் படுத்துக் கிடந்த கிரப்ஸ் இரண்டு கையையும் தூக்கினான். அதைப் பார்த்துத்தான் ஜெயித்தோம் என்று தெரிந்துகொண்டேன். பதினோரு வருடம்!

லிஃப்ட் வாசலில் அதே கூட்டம். இந்தத் தடவை முடியாது என்று படியில் இறங்கினேன். நூற்றுப் பதினெட்டுப் படி. முழங்கால் ஒவ்வொரு படியிலும் என்னைத் திட்டியது. போகட்டும், கடைசி வரியாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே நொண்டினேன்.

சுரங்க வழியைத் தாண்டி வந்தால் மைதானம் நிறைய ஆட்கள். யாரும் பாடவில்லை. என் ஐந்து பேரும் ஐஸ் தண்ணீர்ப் பீப்பாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் கிப், ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

"சீக்கிரம் வாங்க கோச், கை விட்டுப்போச்சு! ஐஸெல்லாம் கரையுது!" என்று டாவிட்டா கத்தினான்.

ஜெயித்த தலைமைப் பயிற்சியாளர் மேல்தான் அதை ஊற்றுவார்கள். எந்தக் கல்லூரியிலும் அதுதான் வழக்கம். கிப்பைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? 'அவர் வரட்டும்'னு ஒத்தக்கால்ல நிக்கிறானுங்க" என்றான்.

ஊற்றினார்கள். மூச்சே நின்றுவிட்டது. இருபத்தொன்பது வருடத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அப்புறம் பாட்டு. முதல் வரியிலிருந்து பாடினேன்.

நவம்பர் 20, ஞாயிறு

படியில் ஏற முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கூடத்திலேயே படுத்துக் கிடக்கிறேன். டார்லீன் சூப் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

நவம்பர் 29, செவ்வாய்

கிப்புக்கு இன்னும் ஐந்து வருடம் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கும்தான். "கீழ வந்துடுங்க ஓரின், உங்க பசங்க பக்கத்துல" என்றான். மேலேயே இருக்கிறேன் என்றேன். பாட்டை மட்டும் நான் வந்த பிறகு ஆரம்பிக்கட்டும். சரி என்றான்.

இன்று குப்பை வண்டி வருகிற நாள். காலையில் காரை எடுக்கப் போனேன். கார் அறைச் சுவர் வெறுமையாக இருந்தது. அட்டைப்பெட்டிகள் எல்லாம் கயிறு கட்டித் தெருவோரம் கிடந்தன. டார்லீன் கடைசிக் கட்டை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"நின்னு வேடிக்கை பார்க்காம ஒரு கை பிடிங்க" என்றாள்.

பிடித்தேன்.