ஆமிக் காம்பில் ஒரு வீடு

2024 ஓகஸ்ட் 15, மடுமாதா திருநாள்

பூசையால் வந்து ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருக்க மகள் ஜெனோஜா போன் எடுத்தாள். அபர்டீனில் அவளும் மருமகன் யனுஷனும் பார்த்த பிளாட் சரிவந்துவிட்டதாம். பழைய கல்லுக் கட்டடமாம். தை மாதம் பிள்ளை பிறக்கும். அதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் லண்டன் ரெய்னர்ஸ் லேன் வாடகை வீட்டை விட்டுவிட்டு அவர்களோடு வந்து இருக்கட்டாம். பின்னறை எங்களுக்கு. இவர் சிரித்தார். இவர் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்.

நன்றி தாயே.

ஓகஸ்ட் 22

கடைச் சாமான் கணக்கு எழுதி முடித்தேன். அபர்டீன் போகிறதுக்குப் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினேன்.

செப்டெம்பர் 7

ஜெனோஜாவின் வீடு ஆசீர்வதிக்கிறதுக்கு அபர்டீன் போனோம். யனுஷன் ஸ்டேஷனில் காரில் ஏற்றினான். பெரிய மதில், கல்லு வளைவு வாசல். வாசலின் இரண்டு பக்கமும் காவல்காரன் நிற்கிற கூண்டு. அதற்குள் இப்போது பூச்சாடி வைத்திருக்கிறார்கள். உள்ளே அணிவகுப்பு முற்றம்.

இவர், "நிப்பாட்டும் தம்பி" என்றார். இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் இடுக்கினார். பொக்கற்றிலிருந்து லண்டன் பஸ் பாஸை எடுத்து, முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்ல நடந்து வாசலுக்குள் போனார்.

அங்கே ஒருவருமில்லை.

யனுஷன் லண்டனில் பிறந்த பிள்ளை. பகிடி என்று நினைத்துச் சிரித்தான். "மாமா, இஞ்ச ஒருத்தரும் செக் பண்ண மாட்டினம்." யாழ்ப்பாணத்தில் ஆமிக் காவல் சென்றியைக் கண்டால் அப்படித்தான். சைக்கிளால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடக்க வேணும். ஒருநாள் அப்படி நடந்து போன இவரைத்தான் பிடித்து, மாதக்கணக்காய் வைத்திருந்துவிட்டு விட்டார்கள்.

முற்றத்தின் நடுவில் நின்றவர் திரும்பி வந்து காருக்குள் ஏறினார். அந்த மதிலைவிட்டுத் தூரக் கொண்டுபோய் விடச் சொன்னார். சுவாமியார் தீர்த்தம் தெளித்தது, பால் காய்ச்சியது, எல்லாம் இவர் இல்லாமல்.

குசினிக்குள் பால் சட்டி கழுவும்போது, ஏன் முதலே சொல்லவில்லை என்று ஜெனோஜாவைக் கேட்டேன். "ஆமி இருந்த இடமெண்டு சொன்னா அப்பா வரமாட்டாரெண்டு தெரியும் அம்மா. வந்து பாத்தா, சும்மா வீடுதானே எண்டு விளங்குமெண்டு நினைச்சன்."

அவளை ஏச எனக்கு மனம் வரவில்லை.

செப்டெம்பர் 8

ரயிலில் லண்டனுக்குத் திரும்பி வந்தோம். இவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

செப்டெம்பர் 19

லைப்ரரிக்குப் போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஜெனோஜாவின் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு சேர்ந்து படித்த இங்கிலிஷ்தான். அகராதியை வைத்துக்கொண்டு அந்த இடத்தின் சரித்திரத்தை வாசித்தேன்.

அந்த ஆமிக் காம்ப் கட்டி இருநூறு வருசத்துக்கு மேல். கடலால் பிரெஞ்சுக்காரன் வருவான் என்ற பயம், ஊருக்குள் நெசவுக்காரர் கலகம் செய்வார்கள் என்ற பயம் — இரண்டுக்குமாகக் கட்டியது. தன் சனத்துக்கே பயந்து கட்டிய மதில். பிறகு ஆமி போய், சாமான் அடைகிற இடமாய்க் கிடந்து, இப்போது பிளாட்.

பெண்களும் இருந்திருக்கிறார்கள். கலியாணம் முடித்த சிப்பாய்க்கு வேறு அறை கிடையாதாம். ஆண்கள் படுக்கிற அறையின் மூலையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் சீவியம், பிள்ளைப்பேறு. படை கப்பலேறும்போது நூறு பேருக்கு ஆறு பெண்சாதிகளைத்தான் கூட்டிப்போகலாம். சீட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். மற்றவர்கள் கரையில். அந்தப் பெண்டுகளுக்காகச் செபமாலையில் ஒரு பத்துமணிச் செபம் சொன்னேன்.

கடைசியில் குடும்பக்காரருக்கென்று ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தேன். ஜெனோஜாவின் பிளாட் அதற்குள்தான்! எனக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி.

செப்டெம்பர் 20

இவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். பிள்ளையின் வீடு ஆமி துவக்கு வைத்திருந்த இடமில்லை, தாய் பிள்ளைகள் இருந்த கட்டடம் என்றேன். கடைசிவரை கேட்டார்.

"எங்களை ஆமி பிடிச்சு வைச்சிருந்ததும் பள்ளிக்கூடத்திலதான்" என்றார்.

கலியாணம் முடித்த இவ்வளவு காலத்தில் இதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை.

"கரும்பலகையில கணக்கு எழுதினபடி கிடந்தது. அதைப் பாத்துக்கொண்டுதான்…" ஒரு வெங்காயத்தை முழுக்க உரித்து முடித்தார். "இப்ப அங்க திரும்பப் பிள்ளையள் படிக்கினம். அதுக்காக நான் போய் அந்த வகுப்பு வாங்கில குந்தி இருப்பனோ?"

நான் ஏன் வாயைத் திறந்தேன்?

செப்டெம்பர் 21

சமைத்தேன். சாப்பிட்டார்.

ஒக்டோபர் 6

பூசை முடிய இம்மாகுலேற் அக்கா பிடித்துக்கொண்டா. "என்ன, யாக்கோப்பு அண்ணை மகளிட்டப் போறேல்லையாம், லண்டன் ஓசி பஸ் பாஸை விட மனமில்லையோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜெனோஜா நேற்று போனில் அழுதாள். முதல் பிள்ளை. அவளுக்கு நான் வேணும். இவருக்கு இரவில் கை நடுங்கும், தனிய விட ஏலாது. செபமாலை கையில் இருக்கிறது, மனம் நிற்குதில்லை. நான் எந்தப் பக்கம், ஆண்டவரே? ஒரு சொல்லுச் சொல்லும்.

2025 ஜனவரி 19

பெண் பிள்ளை. சுகப்பிரசவம். நான் தனிய அபர்டீனுக்கு வெளிக்கிடுகிறேன். இவர் பெட்டியை ஸ்டேஷன் வரை தூக்கி வந்தார்.

பெப்ரவரி 9

இவர் லண்டனிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தார். மதிலுக்கு வெளியே, ரோட்டோரம் நின்றார். தூறல். ஜெனோஜா பிள்ளையைப் பொதிந்து வாசலுக்கு வெளியே கொண்டுவந்து கொடுத்தாள். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். மூக்கு எங்களுடைய ஆக்களின் மூக்கு என்றார். கை நடுங்கவில்லை.

பிறகு, "பிள்ளைக்குக் குளிருது. உள்ளுக்குக் கொண்டு போ."

"நீங்களும் வாங்கோவன் அப்பா."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் முற்றத்தைக் கடந்து கதவுக்குள் போகும்வரை வளைவுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீரும் போம்" என்றார் என்னிடம். "அவளுக்கு நீர் வேணும். நான் சமாளிப்பன்."

ரெய்னர்ஸ் லேன் வீட்டுப் பூட்டின் திறப்புகளில் என்னிடமிருந்ததையும் அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.