திட்டவாவது பேசுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌகரியம். நேற்று, நான் கவனித்துக்கொள்ளும் வயதான ஆயரைக் குளிப்பாட்டும்போது வழுக்கி விழுந்தேன். அடி பெரிதில்லை, ஆனால் எழ மனமில்லாமல் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். "இனிமே ஜெபம் பண்ண மாட்டேன் சாமி. கடவுள் பதிலே சொல்றதில்ல" என்றேன்.

சோப்பு நுரையோடு அவர் சிரித்தார். "அப்போ அவரைத் திட்டுப்பா. எங்க அம்மா செத்த அன்னைக்கு நான் ஆரம்பிச்சேன், இன்னும் நிறுத்தல. அவர் கோவிச்சுக்கவே இல்ல. பேசாம மட்டும் இருந்துடாதே."

உங்கள் சொல்லை மீறி நான் இங்கே கிளம்பி வந்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை, அப்பா. இனி என்னால் தாங்க முடியாது. தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். பொட்டலத்தின்மேல் என் பெயரை நீங்களே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிடாதீர்கள். திட்டுங்கள், போதும்.

ஆயர் மணி அடித்து என்னைக் கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்