இடது கால் கேட்காத கார்

1955 மார்ச் 7, திங்கள்

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. சொந்தச் சக்கரத்தில் இல்லை. மதார் சாகிபின் இரட்டை மாட்டு வண்டியில், கயிறு போட்டுக் கட்டி. துறைமுகத்திலிருந்து ராயபுரம் வரை கதவிடுக்கிலிருந்து கருஞ்சேறு உதிர்ந்துகொண்டே வந்தது.

எம்.ஜி. கார். இரண்டு பேர் உட்காரலாம். மேலே மடக்குகிற துணிக் கூரைதான். சைக்கிளுக்கு இருப்பது போல் கம்பிச் சக்கரம். ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போது சங்கிலி அறுந்து தண்ணீருக்குள் போனது. நான்கு நாள் கழித்து வெளியே தூக்கினார்கள். உடையவன் வேண்டாம் என்றுவிட்டான். பழைய இரும்பு என்று ஏலம் போட்டார்கள். கை தூக்கியவன் நான் ஒருவன்தான்.

ஏன் தூக்கினேன்? இரண்டு வருடம் முன்பு வரை நான் துறைமுகத்தில் கிரேன் டிரைவர். ஒரு தேக்கங்கட்டை உருண்டு வந்து இடது முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிற்று. இப்போது மரக்கால், அங்கேயே ஸ்டோரில் ஒரு ஸ்டூல். அந்தக் கார் விழுந்ததை ஸ்டூலிலிருந்து பார்த்தேன். அதை யாரும் தேடாமல் நான்கு நாள் கிடந்ததையும் பார்த்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு சொல்லத் தெரியவில்லை.

காலுக்குக் கிடைத்த நஷ்டஈட்டில் மிச்சமிருந்ததைக் கொடுத்துவிட்டேன். என் மனைவி ஃப்ளோரன்ஸிடம் சொல்லவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி, ஷிப்ட் முடிந்து ஐந்து மணிக்கு வருவாள். இப்போது நாலரை.

மார்ச் 8

காரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "உன் காலத் துன்ன ஆர்பரு. அங்கியே போயி செத்த காரு ஒண்ண வாங்கியாந்துகீறியே, இன்னாயா மனுசன் நீ?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. சோறு மட்டும் வந்தது.

மார்ச் 12

இன்றும் பேச்சில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

பஷீர் வந்தான். வண்ணாரப்பேட்டையில் தகரப் பட்டறை வைத்திருக்கிறான், என்னோடு படித்தவன். காரைத் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான். "மாமு, இது காரு இல்ல, கருவாடு" என்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

இன்ஜினைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். நாலு பிஸ்டனும் உப்பேறி இறுகிப் போயிருந்தன. மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டித் தட்டி நாலாவது இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒயர் எல்லாம் பச்சை பூத்திருக்கிறது, ஒன்றுகூடத் தேறாது. தகட்டுக்கு அடியில் இருக்கும் மரச்சட்டம் இரண்டு இடத்தில் உளுத்திருந்தது. காசிமேட்டில் படகு கட்டும் ஹென்றியிடம் காட்டினேன். "இதுக்கா பயந்துகினு வந்த? சக்கரம் வெச்ச படகுதானே இது" என்று அளவெடுத்துக்கொண்டு போனார்.

மே 14

ஓடிற்று! காலை பத்தே கால். முதலில் இருமல், பிறகு கரும்புகை, பிறகு ஒரே சீரான சத்தம். பஷீர் என்னைத் தூக்கிவிட்டான். மரக்கால் கழன்று கீழே விழுந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஜூன் 5

ஓடினால் போதுமா? ஓட்ட வேண்டுமே. கிளட்ச் இடது காலுக்குரியது. மரக்கால் மிதித்தால் எவ்வளவு மிதித்தது என்று எனக்கே தெரிவதில்லை. இன்று வாசலிலேயே மூன்று முறை குதித்து நின்றது.

கால் செய்யாததைக் கை செய்யட்டும். கியர் ராடின் தலையில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடி வைத்து, அதிலிருந்து கேபிள் இழுத்துக் கிளட்சில் மாட்டினோம். பிடியை அழுத்தினால் கிளட்ச் விலகும். அதே கையால் கியரும் போடலாம். கணக்கு சரி. ஆனால் பிடி இரும்பாய் இறுகியிருக்கிறது. பத்து முறை அழுத்தினால் விரல் மரத்துப் போகிறது.

ஜூன் 19, ஞாயிறு

கல்மண்டபம் முனையில் கேபிள் அறுந்தது. கிளட்ச் பிடித்துக்கொண்டு கார் எதிரே பாய்ந்து ஒரு அம்மாளின் மீன்கூடையில் ஏறிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஆண்டவரே, ஆளுக்கு ஒன்றும் இல்லை. வஞ்சிரம் மட்டும் ரோட்டில். அந்த அம்மாள் திட்டியது நியாயம். கூடிய கூட்டம் சிரித்ததுதான் –

மைத்துனர் அருள்பிரகாசம் அதற்குள் வந்து சேர்ந்தார். எல்லார் முன்னாலும், "மாப்ள, கால் போனா மூலையில குந்தணும். இன்னாத்துக்கு இந்த சோக்கு? வித்துத் தொலைங்க" என்றார்.

இன்னா செய்வேன்? அவர் சொன்னது தப்பா? ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் அந்தப் பொம்பள – வேணாம். எழுத முடியல.

ஜூன் 23

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து இன்று சாயங்காலம்தான் கார் நிற்கும் ஷெட்டுக்குப் போனேன். விற்பதென்றாலும் ஓடுகிற காராக விற்கலாமே என்று இன்ஜினைப் போட்டுவிட்டு நின்றேன். ஃப்ளோரன்ஸ் சாப்பிடக் கூப்பிட வந்தாள். இன்ஜின் மேல் கிடந்த துடைக்கிற துணியை எடுக்கப் போனாள். துணி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் கார்புரேட்டர் வாயில் அப்பிக்கொண்டது. இன்ஜின் திணறி நின்றது.

அவள் பயப்படவில்லை. துணியைப் பிரித்தெடுத்துப் பார்த்தாள். "ஏன்யா, இது இம்மாம் பலமா உறியுதே?"

"மூச்சு இழுக்குது. எல்லா இன்ஜினும் அப்டித்தான்."

"மூச்சு தெணர்ற கொயந்தைக்கு நான் சின்ன ரப்பர் கொயாய வெச்சி வாயால உறிஞ்சி சளிய எடுக்கிறேன். அதுக்கே அவ்ளோ இழுப்பு கீது. இந்த ராட்சசன் சும்மா காத்தத்தானே உறியுறான்? அந்தக் கிளட்ச இவனையே இழுக்கச் சொல்லு. உன் கை ஏன் நோவணும்?"

நான் மரக்காலோடு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், பஷீர் பட்டறை வரை. அவன் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "மாமு! மிலிட்டரி லாரி பிரேக்குல அந்த டப்பா கீதே! உறியுற டப்பா! கொல்லைல ரெண்டு துருப்புடிச்சிக் கெடக்குது!"

அருள்பிரகாசம் சொன்னதற்கு என்ன பதில் என்று ஃப்ளோரன்ஸிடம் கேட்டேன். "எங்கண்ணன் அவரு மூலைல குந்தட்டும்" என்றாள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது இன்றுதான்.

ஜூலை 17

லாரியின் டப்பாவைக் கிளட்சோடு இணைத்து, இன்ஜினிலிருந்து குழாய் கொடுத்தாயிற்று. இப்போது பிடி ஒரு வால்வை மட்டும் திறக்கிறது. ஒரே ஒரு விரல் போதும். ஒரு விரல்! எண்ணூர் வரை போய்த் திரும்பினேன். குதிக்கவில்லை. வழியில் யாரையும் எதையும் இடிக்கவில்லை. கல்மண்டபத்தில் அந்த மீன்கார அம்மாள் மட்டும் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, திங்கள்

லைசென்ஸ் பரீட்சை. இன்ஸ்பெக்டர் ஹபீபுல்லா சிரிக்காத மனிதர். மரக்காலைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார். "ஏத்தத்துல நிறுத்தி எடுக்கணும். வண்டி ஒரு முழம் பின்னால வந்தாலும் இல்லைன்னு எழுதிடுவேன்" என்றார்.

ரயில் பாலத்து ஏற்றம். பாதியில் நிறுத்தச் சொன்னார். பின்னால் மூட்டை ஏற்றிய கைவண்டி. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. வலது கால் பிரேக்கில். வலது கையால் டாஷ்போர்டில் இருக்கும் ஆக்சிலேட்டர் குமிழைக் கொஞ்சம் இழுத்தேன். இடது விரலை மயிரிழை மயிரிழையாக விட்டேன். காரின் மூக்கு லேசாக எழும்பியது. பிரேக்கை விட்டேன். முன்னால்தான் போனது.

பாலம் இறங்கியதும், "இந்த டப்பா யோசனை யாருது?" என்றார்.

"என் வீட்டம்மாளுது."

எழுதிக்கொண்டே, "அவங்களுக்கும் லைசென்ஸ் வாங்கிடுங்க" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 11

பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து ஃப்ளோரன்ஸை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊர் பார்த்தது. திருவொற்றியூர் தாண்டியதும் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "இன்னும்" என்றாள். எண்ணூர் வரை அந்த ஒரு வார்த்தைதான்.

1956 ஜனவரி 15

அடுத்த மாதம் சோழவரம் பழைய விமானத் தளத்தில் சின்னக் கார்களுக்குப் பந்தயம். பேர் கொடுத்துவிட்டேன். கார் இளைக்க வேண்டும். மட்கார்டு, துணிக் கூரை, உபரிச் சக்கரம் எல்லாம் கழற்றினோம். மெத்தை சீட்டுக்குப் பதில் பஷீர் அலுமினியத் தகட்டில் ஒன்று அடித்துத் தந்தான். உட்கார்ந்தால் இட்லித் தட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. "நீயும் ஒரு ரெண்டு வீசை கொறையேன் மாமு" என்கிறான்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஏழு கார். எனக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்காரர், புத்தம் புதுப் பச்சைக் கார். மரக்காலைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார், "சமாளிச்சுக்குவீங்களா?" என்று. "பாக்கலாங்க" என்றேன்.

ஆறு சுற்று. எண்ணெய் டிரம் வைத்த வளைவு நாலு. நேர் ரோட்டில் அவர் என்னை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அது புது இன்ஜின். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவர் காலைத் தூக்கி மிதித்துக் கையை மாற்றுவதற்குள் எனக்குக் கியர் விழுந்துவிடுகிறது. எனக்குத்தான் கிளட்சும் கியரும் ஒரே கையில் இருக்கிறதே! மூன்றாம் சுற்றில்தான் இது புத்திக்கு எட்டியது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். வாயெல்லாம் மண்.

கடைசி வளைவுக்கு அவர் முன்னால், நான் வாலில். உள்பக்கம் ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம். நுழைந்தேன். இரண்டாவது கியர். பின்சக்கரம் வழுக்கியது, பிடித்துக்கொண்டது. கொடி விழும்போது பச்சை மூக்கு என் தோளுக்கு நேரே இருந்தது. தோளுக்குத்தான், முன்னால் இல்லை.

ஜெயித்துவிட்டேன். நான் ஜெயித்துவிட்டேன்.

பஷீர் டிரம் மேல் ஏறி ஆடினான். எஸ்டேட்காரர் ஓடி வந்து கை கொடுத்துவிட்டு டப்பாவைக் காட்டச் சொன்னார். ஃப்ளோரன்ஸ் அழுதுகொண்டிருப்பாள் என்று தேடினேன். தனக்கு முன்னால் நின்று மறைத்த ஒரு தொப்பிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "கடேசி சுத்த பாக்க வுடல இந்தாளு!"

பிப்ரவரி 13

விரல் வலி. ஸ்டோரில் நாலு பேர் ஸ்டூலைச் சுற்றி நின்றுகொண்டு நகரவில்லை. எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. மறுபடியும் சொல்வேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

மட்கார்டு, கூரை, மெத்தை எல்லாம் திரும்ப மாட்டியாயிற்று. எண்ணூர் ரோட்டில் ஃப்ளோரன்ஸ், "எறங்கு. நான் குந்துறேன்" என்றாள். உனக்குத்தான் இரண்டு காலும் இருக்கிறதே என்று கிளட்ச் பெடலைக் காட்டினேன். அவள் பிடியைத்தான் பிடித்தாள். உப்பளத்து வரப்பில் ஒரு சக்கரம் இறங்கியது. "நீ மீன்கூடைல ஏறினியே, நான் இன்னா சொன்னேன்?" என்று கேட்டாள். இறங்கித் தள்ளினேன்.

ஜூன் 20, புதன்

காலை ஏழு மணிக்குச் சடையங்குப்பத்திலிருந்து ஆள் வந்தார். பிரசவ வலி, பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறதாம். ஃப்ளோரன்ஸ் பையைச் சீட்டில் போட்டாள், வந்தவரை அதன் பக்கத்தில் திணித்தாள், தெருமுனையில் ஹாரன் கேட்டது. நான் பல்பொடி வாயோடு நின்றிருந்தேன். பஸ்ஸில் வேலைக்குப் போனேன், அரை மணி லேட்.

மத்தியானம் மணலி வழியாக வந்த ஒரு லாரிக்காரர் செய்தி கொண்டுவந்தார்: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், பெட்ரோல் தீர்ந்துபோயிற்று, வாங்கிக்கொண்டு வரவும்.

கையில் கேனோடு பஷீரின் சைக்கிள் காரியரில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். பனைமர நிழலில் கார். ஊரே சுற்றி நின்றது. அவள் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கவில்லை. நான் பெட்ரோலை ஊற்றிவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக்கொண்டேன்.